சொந்தமா, சங்கமா, சிட்டியா: எல்லையில் தொழில் தொடங்குபவருக்கு ஒரு பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையில், கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் பிறந்து, தமிழ்நாட்டுக் கம்பத்தில் படித்து, இப்போது ஏலக்காயைத் தரம் பிரித்துச் சிறு பொட்டலங்களாக விற்கும் தொழிலில் இறங்கப்போகும் ஒரு பெண் இப்படிக் கேட்டிருக்கிறார்: “கல்லூரியில் ‘நெட்வொர்க்கிங் பண்ணு, நாலு பேரிடம் பழகு’ என்றார்கள். அப்பா, ‘நம்ம சொந்தபந்தம் இருக்கும்போது வெளியாள் எதற்கு’ என்கிறார். கேரளத்துக் கட்டப்பனையில் இருக்கும் தோழியோ, ‘முதலில் சங்கத்தில் சேர், அப்புறம் ஒரு சிட்டி (நம்ம ஊர்ச் சீட்டுதான்) போடு’ என்கிறாள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வதற்கு ஊர்ப் பழக்கம்தான் காரணமா? நான் யார் பேச்சைக் கேட்பது?”

ஆமாம், ஊர்ப் பழக்கம்தான் காரணம். போடியிலும் குமுளியிலுமாக 28 வருஷம் ஏலக்காய்க் கமிஷன் கடைகளில் கணக்கு எழுதியிருக்கிறேன். நான் பார்த்த வரையில், ஒருவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதில் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் கிடையாது. யாரை நம்பிப் பத்து மூட்டைச் சரக்கைக் கடனாக இறக்குவார்கள், அவர் ஏமாற்றினால் யாரிடம் போய் முறையிடுவார்கள் என்பதில்தான் வித்தியாசம். தொழில் செய்பவரின் தொடர்புகள் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் வளர்கின்றன. உங்கள் அப்பாவும் தோழியும் ஒரே கேள்விக்குத் தங்கள் தங்கள் ஊர்ப் பதிலைச் சொல்கிறார்கள்.

முதலில் அப்பா பக்கம். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி, தன் மூத்த மகளின் காதணி விழாவில் வந்த மொய்ப் பணத்தில்தான் கடைக்கு அட்வான்ஸ் கட்டினார். அந்த மொய் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நீளமான கணக்கு நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு வரியிலும் ஊர், அப்பா பெயர், பெயர், தொகை என்று போகும். ஆளின் பெயர் மூன்றாவதாகத்தான் வரும். ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் இருந்தால், அந்த வீட்டு விசேஷத்துக்கு இவர் திருப்பிச் செய்துவிட்டார் என்று அர்த்தம். யாருக்காவது சரக்குக் கடன் கொடுப்பதற்கு முன் அவர் அந்த நோட்டைப் புரட்டுவார். “செய்முறையில ஒழுங்கா இருக்கிறவன் சரக்கிலயும் ஒழுங்கா இருப்பான்” என்பார். இன்றைக்கு வங்கியில் சிபில் ஸ்கோர் பார்க்கிறார்கள் இல்லையா, அந்த வேலையைத்தான் அந்த நோட்டு செய்தது. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் தவறினால் தண்டனை உண்டு. அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், விசேஷத்துக்குப் பத்திரிகை வராது.

இது நம் பக்கத்துக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வடகேரளத்தில், வடகரை, நாதாபுரம் பகுதிகளில், ‘பணப்பயற்று’ என்று ஒன்று உண்டு. பணம் தேவைப்படுகிறவர் ஒரு தேநீர் விருந்து வைப்பார். வருகிறவர்கள் பணம் கொடுத்து நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் முறை வரும்போது இவர் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இது அச்சு அசல் நம்ம ஊர் மாதிரியே தெரியும்.

உறவை நம்பி வணிகம் செய்வது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பொருளாதார வரலாற்று ஆய்வாளர் அவ்னர் கிரெய்ஃப் ஒரு நல்ல ஒப்பீட்டில் காட்டியிருக்கிறார். 11-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து மத்திய தரைக்கடல் முழுக்க வணிகம் செய்த மக்ரிபி யூத வணிகர்கள் தங்களுக்குள்ளேயே முகவர்களை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் கெய்ரோவில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்துச் சேமிப்பறையிலிருந்து கிடைத்தன. ஒரு முகவர் ஒருவரை ஏமாற்றினால் அந்தச் செய்தி கடிதம் வழியாகப் பரவி, மற்ற யாரும் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தாலியின் ஜெனோவா வணிகர்கள் வேறு வழியில் போனார்கள். யாரை வேண்டுமானாலும் முகவராக வைத்தார்கள், எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள், ஏமாற்றினால் நீதிமன்றம் போனார்கள். முதல் வழி மலிவானது, வேகமானது. ஆனால் தங்கள் கூட்டத்துக்கு வெளியே விரியவில்லை. இரண்டாவதற்குச் செலவு அதிகம், ஆனால் தெரியாத ஆளோடும் தொழில் செய்ய முடிந்தது. போடியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எங்கள் கடையின் இரண்டு பேரேடுகளும் எனக்கு நினைவுக்கு வந்தன. உள்ளூர்ப் பற்று வரவு ஒன்று, டெல்லி, கான்பூர் பார்ட்டிகளுக்கு ஒன்று. முதலாவதில் கையெழுத்தே இருக்காது. இரண்டாவதில் பில், லாரி ரசீது, காசோலை எண் எல்லாம் இருக்கும்.

பழக்கம் என்பது ரத்தத்தில் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, ஏதோ ஒரு காலத்துக் கஷ்டத்துக்கு மக்கள் கண்டுபிடித்த வழிதான் பிறகு பழக்கமாகியிருக்கிறது. நாடார் சமூகத்தின் உறவின்முறை என்ற ஊர்ச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து மாட்டுவண்டியில் சரக்கேற்றி வந்த வணிகர்களுக்கு வழிப்பறி பயம், தங்க இடமில்லாத நிலை, சாதி ஒடுக்குமுறை எல்லாம் இருந்தன. அதனால் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம் போன்ற ஊர்களில் சுற்றுச்சுவர் வைத்த பேட்டைகளைக் கட்டி, வண்டியையும் சரக்கையும் அங்கே நிறுத்தினார்கள். வந்து போகும் சரக்குக்கு ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை வசூலித்தார்கள். அந்த மகமையில் கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்தன. விருதுநகரில் 1889-ல் ஆரம்பித்த பள்ளி அப்படி வந்ததுதான். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. அதன் பெயர் 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று மாறியது. பயத்தில் கட்டிய சுவர் நாளடைவில் வங்கியாக வளர்ந்திருக்கிறது. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்த் தொழில் செய்தபோது, பெட்டியடிப் பையனாக ஆரம்பித்து அடுத்தாள், முதலாளியின் ஏஜெண்ட் என்று படிப்படியாக ஏறிய முறையும் இதே வகைதான். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற கடையை, தங்கள் ஒன்பது குலக் கோயில்கள் வழியாக யார் மகன் யார் பேரன் என்று தெரிந்த ஓர் ஆளிடம்தான் மூன்று வருஷத்துக்கு ஒப்படைப்பார்கள்.

சரி, இப்போது உங்கள் தோழி பக்கம் வருவோம்.

இடுக்கி மலைப்பகுதியான ஹைரேஞ்சில் கம்பம், போடிக்காரர்கள் முன்பே மலையேறி ஏலத்தோட்டம் போட்டிருந்தார்கள். 1940-களிலிருந்து மத்தியத் திருவிதாங்கூரின் பாலா, மீனச்சில் பக்கத்துக் குடும்பங்கள் பெருவாரியாக வந்து காடு திருத்திக் குடியேறின. அப்படி வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் மாமா மச்சான் யாரும் இல்லை. சாலை கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, யானைப் பயம் வேறு. பள்ளிவாசலும், தேவாலயமும், நாயர்களின் ஊர்ச் சங்கமான கரயோகமும், சகிப்புத்தன்மையோடு ஒன்றாக உட்காரும் டீக்கடையும், பிறகு கூட்டுறவு வங்கியும் வியாபாரிகள் சங்கமும்தான் அவர்களுக்குச் சொந்தமாக அமைந்தன. அதனால்தான் அங்கே ஒருவர் கடை திறந்தால், முதல் வாரத்திலேயே வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதியில் உறுப்பினராகிவிடுவார். நம் பக்கத்திலும் வணிகர் சங்கம் உண்டு. ஆனால் ஒரு கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தால் நாம் முதலில் ஓடுவது பெரியப்பாவிடம், அவர்கள் ஓடுவது சங்கச் செயலாளரிடம்.

சிட்டி விஷயம் இன்னும் சுவாரசியமானது. திருச்சூர்ப் பக்கத்தில் குறி என்கிற சீட்டுப் பழக்கம் பல தலைமுறைகளாக ஊறிப்போன ஒன்று. அதே மண்ணில்தான் கத்தோலிக் சிரியன் வங்கி 1920-லும், தனலட்சுமி வங்கி 1927-லும், சவுத் இந்தியன் வங்கி 1929-லும் தொடங்கின. 1969-ல் கேரள அரசே கே.எஸ்.எஃப்.இ. என்று சிட்டி நிறுவனம் ஆரம்பித்தது. அதில் சிட்டி பிடித்தவர் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் காட்ட வேண்டும். அந்த ஜாமீன்களில் ஒன்று, அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவர் தன் சம்பளச் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது. இதை நன்றாகக் கவனியுங்கள். இந்த ஒரு விதியால் அங்கே தொழில் செய்பவரின் வட்டத்துக்குள் பள்ளி வாத்தியார், பஞ்சாயத்து கிளார்க், மின்வாரிய ஊழியர் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். அவர்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குமுளியில் ஒரு டீக்கடைக்காரர் மாலையில் நூலகத்தில் வாத்தியாரோடு உட்கார்ந்து பேசுவது வெறும் அரட்டையாகத் தெரியலாம். அடுத்த வருஷம் அவர் கடையைப் பெரிதாக்கும்போது அந்த வாத்தியாரின் கையெழுத்துதான் மூலதனம்.

எந்த முறை உயர்ந்தது என்று சண்டை போட இதைச் சொல்லவில்லை. ஒரே வட்டத்துக்குள் இருப்பதால் என்ன குறை என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரையில் தெளிவாக்கினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ‘அந்த ஆளை அப்போது எத்தனை தடவை பார்ப்பீர்கள்’ என்று கேட்டபோது, அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். என் முதலாளியின் மொய் நோட்டில் இருந்த வீடுகள் எல்லாமே இந்தப் பள்ளத்தாக்குக்குள் திராட்சை, வாழை, ஏலம் என்று இருப்பவர்கள். கான்பூரில் ஒரு நல்ல பார்ட்டி இருக்கிறார் என்ற தகவல் அவர்கள் யாரிடமிருந்தும் வரவில்லை. லாரி புக்கிங் ஆபீசில் வருஷத்துக்கு நாலு தடவை பார்க்கும் ஒரு குமாஸ்தாவிடமிருந்து வந்தது. ஆனால் அந்த கான்பூர் பார்ட்டிக்கு முதல் லோடு அனுப்பப் பணம் புரட்டிக் கொடுத்தது மொய் நோட்டு ஆட்கள். தகவல் தூரத்து ஆளிடமிருந்து வந்தது, துணிச்சல் பக்கத்து ஆளிடமிருந்து வந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் அந்த லோடு போயிருக்காது.

எல்லையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. ரொனால்ட் பர்ட் என்ற இன்னொரு சமூகவியலாளர் 1992-ல் சொன்னது இது: ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு கூட்டங்களுக்கு நடுவே நிற்கிற ஆளுக்கு, இரண்டு பக்கத் தகவலும் முதலில் வரும். குமுளியில் தினமும் காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறும் கங்காணிக்குக்கூட இது தெரியும். தமிழ்ப் பேச்சு, மலையாளப் பேச்சு, போடியில் என்ன விலை, கேரளப் பக்கத்துப் புற்றடி ஏலக்கூடத்தில் என்ன விலை, எந்தத் தோட்டத்தில் காய் எடுப்பு முடிந்தது என்பதெல்லாம் ஒரே வாயில் வரும்.

ஆனால் நடுவில் நிற்பதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையில் எல்லை கொதித்தது உங்களுக்கு நினைவிருக்கும், சின்ன வயதாக இருந்திருக்கலாம். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போக்குவரத்து நின்றுபோனது. ஜீப் போகவில்லை, பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே காய் பழுத்தது. அப்போது நான் இருந்த கடையின் 11 மூட்டைக் காய், குமுளிக்கு மேலே ஒரு மலையாளித் தோட்டக்காரரின் ஸ்டோரில் கிடந்தது. எங்களிடம் ரசீதுகூட இல்லை. அவர் அந்த மூட்டைகளைத் தன் வீட்டுப் படுக்கையறைக்கு மாற்றி, ஈரம் ஏறாமல் பலகை போட்டு அடுக்கி வைத்தார். சாயங்காலம் சாயங்காலம் போன் பண்ணுவார். “இவிடெ கிடக்கட்டே, ஞான் நோக்கிக்கொள்ளாம்” (இங்கேயே கிடக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்) என்று ஒரே வரி. வழி திறந்ததும் 11 மூட்டையும் எடை குறையாமல் வந்து சேர்ந்தன. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவருக்கும் எங்கள் முதலாளிக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பு, அவர் மகள் கல்யாணத்துக்கு முதலாளி குடும்பத்தோடு போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். விலை இறங்கிய ஒரு வருஷம், பேசிய விலையைக் குறைக்காமல் பணம் கொடுத்திருக்கிறார். அவர்கள் பக்கத்தில் பேசிய பேச்சுக்கும், எங்கள் பக்கத்தில் செய்முறைக்கும் மரியாதை. முதலாளி இரண்டு கணக்கிலும் வரவு வைத்திருந்தார்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பா இதைச் சொல்ல மாட்டார். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய வருஷப் பெருவெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்ததால் வந்த விலை அது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரு கடையில், சம்பந்தி வழி உறவுக்காரர் ஒருவர் இன்னும் ஏறும் என்று நம்பி நிறையச் சரக்கைக் கடனில் எடுத்தார். விலை சரிந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெளியாளாக இருந்திருந்தால் மூன்றாம் மாதமே கணக்கை முடித்து, காசோலையை வங்கியில் போட்டிருப்பார்கள். சம்பந்தி என்பதால் கேட்க முடியவில்லை. கேட்டால் மகள் வாழ்க்கை என்னாவது? கடைசியில் கடை கைமாறியது. உறவு கடன் கொடுக்க வைக்கும், வசூலிக்க விடாது. அதனால் சொந்தக்காரருக்குச் சரக்குக் கொடுத்தாலும் பில் போடுங்கள், தேதி எழுதுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

இதுவரை சொன்ன எல்லா வட்டங்களிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மொய் நோட்டில் அப்பா பெயர் வரும், அம்மா பெயர் வராது. சங்கக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு நடக்கும். சாதி வேறு என்றால் பந்தியே வேறு. போடி கிடங்குகளில் காய் பொறுக்கும் வேலை முழுக்கப் பெண்கள் செய்வது. ஒரு கைப்பிடி அள்ளினால் எட்டு மில்லிமீட்டர் காய் எத்தனை, ஏழு எத்தனை, வெடித்தது எத்தனை, நிறம் எந்த வாரம் மங்கும் என்று சொல்லிவிடுவார்கள். சல்லடையில் போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். அந்த அறிவுள்ளவர்களில் ஒருவர்கூடக் கடை வைத்து நான் பார்க்கவில்லை. அறிவு இருந்தது, முதல் மூட்டையைக் கடன் தர ஆளில்லை. இதைப் பழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அநியாயம் என்றுதான் சொல்வேன். இதில் மாற்றம் வந்ததும் புது வகைக் கூட்டம் உருவானதால்தான். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும், கேரளத்தில் 1998-ல் வந்த குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களும், யார் மகள் யார் மனைவி என்று கேட்காமல், வாரா வாரம் சேமித்தாயா என்று கேட்டன. அந்தச் சேமிப்பு நோட்டு ஒரு பெண்ணின் சொந்தப் பெயரில் எழுதப்பட்ட மொய் நோட்டு.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அப்பாவின் வட்டத்தில் முதல் மூலதனத்தை வாங்குங்கள், ஆனால் அதை எழுதி வாங்குங்கள். தோழியோடு போய்ச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள், சிறு சிட்டி ஒன்றில் சேர்ந்து தவணை தவறாமல் கட்டுங்கள். ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டிய சிட்டிப் புத்தகம் அந்தப் பக்கத்தில் உங்களுக்காகப் பேசும். காய் பொறுக்கும் பெண்களில் கைத்திறமை உள்ள இரண்டு பேரைக் கூலியாக வைக்காமல் தொழிலில் பங்குதாரராகச் சேர்க்க முடியுமா என்று யோசியுங்கள். ஏலத்தில் வாங்க ஸ்பைசஸ் போர்டு டீலர் உரிமம் வேண்டும், பொட்டலம் போட உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். இரண்டுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

உரிமம் வருவதற்குள், உரிமம் உள்ள யாராவது ஒருவரோடு போய்ப் புற்றடியிலும் போடியிலும் சில ஏலங்களில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சாம்பிளைக் கையில் கொட்டி யார் எப்படிப் பார்க்கிறார்கள், திரையில் விலை ஏறும்போது யார் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். போடிக்கு அப்பாவைக் கூட்டிப் போங்கள், அவருக்குத் தெரிந்த முகம் அங்கே நிச்சயம் இருக்கும். புற்றடிக்குத் தோழியோடு போங்கள். முதல் எடுப்பு ஆடியில் தொடங்கிவிடும் தாயி, அதற்குள் இரண்டு இடத்திலும் உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும்.